கானமேளாவுக்குப் பிறகு ஜாஸ்-ராக்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, பாறசாலை ஆஸ்பத்திரியில் நான்கு பேருக்கு மண்டையில் தையல் போட்டார்கள். நால்வரும் முந்தின நாள் காரோடு ஊர் மாதா கோயில் திருவிழாவில் ஜாஸ்-ராக் கேட்டவர்கள்.

தீபுவுக்கு அந்தச் செய்தி பெருமையாகவே இருந்தது. இங்கிலாந்தில் பெரிய குழுக்களின் கச்சேரிகளில் நாற்காலி பறந்ததைப் பற்றி அவன் நிறையப் படித்திருக்கிறான். காரோட்டில் பறக்க மூன்று வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

குழுவின் பெயர் 'ஃபாக் ஓவர் நெய்யாறு'. அந்தப் பக்கம் பனிமூட்டம் அபூர்வம்; இங்கிலாந்தில் உண்டு என்பதால் வைத்த பெயர். கிட்டார் வாசித்து ஆங்கிலத்தில் பாடுவது தீபு. அதற்காகத் திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் வேலையை விட்டவன்.

டிரம்ஸ் அனூஜ். டிரம்பெட் ரெனில். சவ ஊர்வலத்துக்கு வாசிக்கும் பேண்டு செட்டிலிருந்து ரெனிலை மீட்டெடுத்ததாகத் தீபு சொல்லிக்கொள்வான். பேண்டு செட்டில் சோறாவது கிடைத்தது என்று ரெனில் சொல்லிக்கொள்வான்.

எந்தத் திருவிழாவானாலும் கடைசி நிகழ்ச்சி அவர்களுடையதுதான். சினிமாப் பாட்டுக் கச்சேரியான கானமேளா முடிந்ததும் மேடை ஏறுவார்கள். முதல் பாட்டுக்குள் பெண்கள் பாயைச் சுருட்டுவார்கள், இரண்டாவதில் இளவட்டங்கள் பைக்கை முறுக்குவார்கள், மூன்றாவதில் கடலை வண்டிக்காரரும் அடுப்பை அணைத்துவிடுவார்.

ஆனாலும் கமிட்டிக்காரர்கள் அவர்களைக் கைவிடவில்லை. காலி மைதானத்தைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, "அடிபொளி" என்று தோளில் தட்டுவார்கள். சப்-இன்ஸ்பெக்டரே கோட்டுகால், பெருங்கடவிளைக் கோயில்களுக்கு ஃபோன் செய்து இவர்களைச் சிபாரிசு செய்தார். காக்கிக்குள்ளும் ரசிகன் இருப்பான் என்று தீபு நம்பினான். கானமேளா முடிந்ததும் வழக்கமாக நடக்கும் அடிதடிகூட இவர்கள் வந்தபின் நின்றிருந்தது. இசை மனிதனைப் பண்படுத்தும் என்பதற்கு அவன் அதையே உதாரணம் காட்டுவான்.

அனூஜிடம் இப்போது ஒரு விசா இருந்தது. இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. குழுவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த நேரடித் தொடர்பு அது ஒன்றுதான்.

"அடுத்த சீசனுக்கு நாள் உறுதியானா இருக்கேன். இல்லேண்ணா புதன்கிழம பிளேன்," என்று சொல்லியிருந்தான். டிரம்ஸ் அவனுடையது. அவன் போனால் குழுவும் இல்லை.

சனிக்கிழமையும் பாய்கள் வழக்கம்போலச் சுருளத் தொடங்கின. பொறுக்கமாட்டாத ரெனில், கரையில் நின்று வலை இழுக்கும்போது அவன் அப்பன் பாடுகிற பாட்டை டிரம்பெட்டில் எடுத்தான். அனூஜ் கூடவே அடித்தான். தீபு கொஞ்சம் முறைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டான்.

சுருண்ட பாய்கள் விரிந்தன. பைக்குகள் ஓய்ந்தன. ஊரின் இரு கோஷ்டிகளான வடக்குக் கரையும் தெற்குக் கரையும் மேடைக்கு முன்னால் இறங்கி ஆடின. கடைசிவரை ஒருவரும் போகவில்லை. யார் காலை யார் மிதித்தது என்பதில்தான் அந்தத் தையல்.

தீபு அனூஜைக் கூட்டிக்கொண்டு கமிட்டித் தலைவர் பயஸைப் பார்க்கப் போனான். பந்தல் பிரிப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது, உறங்கியதாகத் தெரியவில்லை.

"வா மக்கா. சாயா குடிச்சியா?"

"குடிச்சாச்சு அண்ணா. நேத்து எப்படி?"

"பொய் சொல்லப்படாது. நல்லா இருந்தது. நானும் ரெண்டு சுவடு வச்சேன். எனக்க பெஞ்சாதி லூயிசா இருக்காளே, முட்டுவலிண்ணு கெடந்தவ, அவளும் ஆடினா."

தீபு அனூஜை முழங்கையால் இடித்தான். "கேட்டியா எலே? விசாவக் கிழிச்சுப் போடு."

"அண்ணன் நாளு சொல்லட்டு. பொறவு கிழிக்கலாம்."

"இண்ணைக்குக் காலத்தே கோட்டுகால்காரங்க விளிச்சாங்க," என்றார் பயஸ். "அதுக்குப் பொறவு பெருங்கடவிளக்காரங்க. எஸ்.ஐ.யும் விளிச்சாரு. எல்லாருக்கும் விசயம் தெரிஞ்சாச்சு."

"தெரியாம இருக்குமா? எத்தன நாளு கேக்காங்க?"

"ஒண்ணும் கேக்கல்ல. ஏற்கெனவே பேசினதும் வேண்டாமாம். இஞ்சயும் அப்படித்தான். அடுத்த வருசம் நீங்க வரண்டாம்."

தீபு சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். அனூஜ் விசா இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அடி போட்டது நாங்களா அண்ணா? பாட்டுல என்ன குத்தம்?"

"பாட்டுல ஒரு குத்தமும் இல்ல."

"பின்ன? மூணு வருசம் ஒருத்தனும் இருந்து கேக்கல்ல. அப்பமெல்லாம் விளிச்சியளே. நேத்து ஒருத்தனும் எழும்பிப் போகல்ல. இப்பம் வேண்டாமா?"

பயஸ் அவன் தோளில் கை வைத்தார்.

"கானமேள முடிஞ்சா ஆளக் கலைக்கவாக்கும் மக்கா, உங்கள விளிச்சது."