சீவரத்தினம் வீட்டு விளக்கீடு

கார்த்திகை விளக்கீட்டன்று உதயகலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் விளக்கு வைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, எங்கடை காணாது. இன்னும் கொஞ்ச விளக்குக் கொண்டு வாங்கோ."

"எண்ணெய் விக்கிற விலைக்கு இவ்வளவும் வேணுமே?" என்றான் அவள் புருஷன் வாகீசன்.

"வேணும். அந்த மனிசன் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறார்."

சீவரத்தினம் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். போன மாதம் ஊரிலிருந்த கிறிஸ்தவச் செபவீட்டுக்கு யாரோ நெருப்பு வைத்தபோது, "சமயம் மாத்த வந்தவைக்கு உது காணாது" என்று சனத்துக்குள் நின்று சத்தமாகச் சொன்னவர். முதல் ஆளாக "ஓம் அண்ணை" என்றவள் உதயகலா.

ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்கென்று சொல்லிக்கொண்டு உதயகலாவும் வாகீசனும் கொடிகாமத்துக்குப் போனார்கள். வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டதால் அங்குள்ள செபவீட்டின் இரண்டாம் ஆராதனைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. சந்தைப் பைக்குள் துவாயில் சுற்றி வைத்திருந்த பைபிளை உதயகலா வெளியே எடுத்தாள். முன்வரிசையில் முழங்காலில் நின்றவர் எழுந்து திரும்பினார்.

சீவரத்தினம்.

செபம் முடிந்து வெளியே வந்ததும் அவள் அவரை மறித்தாள். "அண்ணை, அண்டைக்கு ஏன் அப்பிடிக் கதைச்சனீங்கள்?"

"நீயெல்லோ தங்கச்சி பக்கத்திலை நிண்டனீ. உனக்குப் பயந்துதான்."

ஊருக்கு வேறு வேறு பஸ்ஸில்தான் திரும்பினார்கள்.

அடுத்த விளக்கீட்டுக்கு இரண்டு வீட்டிலும் முன்னரைவிடக் கூடுதலாக விளக்கு எரிந்தது. முன்வீட்டுக்காரர் படலையில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு, எண்ணெய் வாங்கக் கடைக்கு ஓடினார்.