உள்ளே ஏதோ உருள்கிறது

மகள் மதுரா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன நாளில் மூடிய வயலின் பெட்டியை இரண்டு வருஷம் கழித்து மாசிலாமணி திறந்தார். மழை ஈரத்தில் மரம் கெட்டுவிடுமே என்றுதான். மற்றபடி, அவளோடு போனில்கூடப் பேச்சில்லை. தந்திகளுக்கடியில் படிந்த பிசின் தூளைத் துடைத்தார். துணியில் எண்ணெய் தொட்டு மரத்துக்கு மெருகேற்றினார். உள்ளே இருக்கும் தூசி போக, மேற்பலகையின் நெளிந்த துளை வழியாக ஒரு பிடி அரிசியைப் போட்டுச் சல்லடைபோல ஆட்டிக் கவிழ்த்தார். அழுக்கேறிய அரிசியோடு ஒரு பால்பல் விழுந்தது.

மதுராவுக்கு முதல் பல் விழுந்தபோது, "கூரை மேல போட்டாத்தான் புதுசு முளைக்கும்" என்று சொன்னவர் அவர்தான். "நம்ம ஃபிளாட்டுக்குக் கூரையே இல்லையேப்பா" என்று அவள் அழுதாள். "எங்கயாச்சும் ஒசரத்துல போடும்மா" என்றுவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிட்டார். அப்போது வயலின் சுவரில் உயரமாக மாட்டியிருந்தது. நாற்காலி போட்டால் எட்டும். அதன்பின் வாசிக்கும்போது உள்ளே ஏதோ கடகடக்கும். "என்ன எழவு சத்தம் இது?" என்று அவர் வில்லை நிறுத்தும்போதெல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பல்லைத் துடைத்து மறுபடி துளைக்குள்ளேயே போட்டார். போனை எடுத்து அவளை அழைத்தார். "அப்பா?" என்றாள். வயலினைப் போனருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டினார். அந்தப் பக்கம், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

"இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களாப்பா?"