வெறும் வயிற்று ரத்தம்

கெட்ட கொழுப்பு கண்டபடி ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், தனபாலின் பெண்டாட்டி அம்சவேணிக்கு முகமெல்லாம் வெற்றிக் களை.

பின்னே? ரத்தக்கொதிப்புக்காரர் கறியைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியவள் அவள்தானே.

வாசலூர்பட்டி பள்ளிக்கூடத்தில் போன வாரம் முகாம் போட்டு, கொதிப்பு உள்ளவர்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொல்ல இன்று டாக்டரே மலையேறி வந்திருந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை கெடாவெட்டுல உங்களுக்கு ரசஞ்சோறுதானுங்க," என்றாள் அம்சவேணி.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் சாய்ந்து நின்ற அவள் தம்பி மாணிக்கம்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அவன் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. மிளகு பறிக்க நாளெல்லாம் மரம் ஏறுகிறவன். சாமைச் சோறும் கீரையும் இருந்தால் போதும். அவனுக்கும் கொதிப்பு உண்டு. ஒல்லிக்குச்சிக்கு என்ன வந்துவிடும் என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டான். முகாம் பக்கமே போகவில்லை என்று அக்காளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கொதிப்போடு இந்தக் கொழுப்பும் சேர்ந்தால் இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்றார். மேடு ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறதா என்று கேட்டார்.

தனபாலுக்கு எந்த மேட்டிலும் நெஞ்சு பிடித்ததில்லை.

ஆனால் முந்தாநாள் மிளகு மூட்டையோடு மேடு ஏறிய மாணிக்கம், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாயு என்றான். தனபாலும் அவனைக் கிழவன் என்று கேலி செய்துவிட்டு வந்திருந்தார்.

அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க அம்சவேணிக்கே பாவமாகிவிட்டது. நாலு துண்டு கறி போடுவதாக மெல்லிய குரலில் சமாதானம் சொன்னாள்.

அவர் காதில் அது விழவே இல்லை. வாயைத் திறந்தால் கறி மட்டுமில்லை, இந்த ஜென்மத்தில் அவள் கையால் சோறே கிடையாது என்று அவருக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய் மாணிக்கத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒல்லிப்பய ரத்தம் சுத்தமா இருக்கும்னு, அன்னிக்கு முகாமுக்கு எம் பேருல இவனைத்தான் அனுப்புனேனுங்க டாக்டர்," என்றார், பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே.