முதல் ஆட்டம்

"இந்தப் பழைய கேமை நான் ஆடினதே இல்ல, மேகலா!" என்றார் என் கணவர் பரிதி. நான் தூக்கியெறிந்த அதே கேமைத் தேடிப்பிடித்து மறுபடியும் வாங்கி வந்திருந்தார்.

திரையில் வாள்வீரன் பாலத்திலிருந்து விழுந்து செத்தான். மறுநொடி, கடைசியாக சேவ் செய்த இடத்தில் எழுந்து நின்றான்.

"விழுந்தது இவனுக்கு ஞாபகம் இருக்காதா?"

"இருக்காது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, செத்தா திரும்பி வர்றதுக்குன்னு எல்லாரும் ஞாபகத்தை சேவ் பண்ணினோமே. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலையே. அப்ப நானும்…?"

இவருக்கு முன்பிருந்த பரிதியும் இதையேதான் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் பால்கனிக்குப் போனார்.

அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவரும் திரும்பினார்.

"பால்கனிக் கதவுக்கு எதுக்கு மூணு பூட்டு, மேகலா?"