பத்து விரல்கள்

ரேஷன் கடைக் கருவியின் கண்ணாடியில் அவள் கட்டைவிரலை வைத்தாள்.

சிவப்பு.

முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

சிவப்பு.

"அடுத்த வெரல வையும்மா," என்றாள் கடை நடத்தும் பூங்காவனம்.

பதினோரு நாட்களுக்கு முன் வீட்டிலும் இப்படித்தான். விடுதியில் இருக்கும் மகளிடம் பேச, கணவனின் கைபேசியை எடுத்தாள். விரலை வைத்தாள். திறக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன்தான் அவள் விரலைப் பிடித்து அதில் பதித்தான். எடுத்து எடுத்து வைக்கச் சொன்னான். கண்ணாடி ஒரு தடவைக்கு விரலின் ஒரு பக்கத்தைத்தான் படிக்கும் என்றான்.

பதித்த விரலை அழிக்கவும் முடியும். அது அவளுக்குத் தெரியும்.

ஏன் அழித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அவனோடு பேச்சை நிறுத்தினாள். மகளை, உடன் வேலை செய்பவளின் கைபேசியில் அழைத்துக்கொண்டாள். அவனுக்குச் சோறு வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துப் பார்த்தபடியே அவன் சாப்பிட்டான். பேச்சு நின்றதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

பத்து விரல்களும் முடிந்தன. பத்தும் சிவப்பு.

"முந்திரி ஒடைக்கிறியா?"

"ஆமாக்கா. மூணு மாசமா."

"அதான். ஒங்க முந்திரிக் கொட்டாய்லேர்ந்து வர்ற ஒருத்திக்கும் ரேகை விழல. தோட்டு எண்ணெ தின்னுடுது."

விரல் நுனியில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. கண்ணாடி அந்த மேடுகளைத்தான் தேடுகிறது. முகம் அதற்குத் தெரியாது. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை உரிக்கிறது. மேடுகள் கரைகின்றன. வேலையை விட்டால், சில வாரங்களில் அதே கோடுகள் அதே இடத்தில் வளரும்.

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கார்டுல இருக்கிற போனுக்கு ஒரு நம்பர் வரும். கேட்டுச் சொல்லு." பூங்காவனம் தன் கைபேசியை நீட்டினாள். "வீட்டுக்காரரு நம்பர் தெரியுமா, இல்ல அதுவும் அவர் போன்லதான் இருக்கா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவளுக்கு அது மனப்பாடம். கணவனை அழைத்தாள்.

தன் கைபேசிக்கு வந்த எண்களை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். கருவி பச்சைக்கு மாறியது. அரிசி தராசில் விழுந்தது.

பூங்காவனம் கைபேசிக்குக் கை நீட்டினாள்.

அவள் கொடுக்கவில்லை.

"ஏங்க," என்றாள். "ஒங்க போன்லேர்ந்து என் வெரல நீங்க அழிக்கலதான?"

மறுமுனையில் அவன் கேட்டான்:

"எந்த வெரல?"

கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் பத்தையும் பார்த்தாள்.