விட்ட வசனங்கள்

ரிப்பன் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கிடந்தது.

தரையில் உட்கார்ந்திருந்தவள் வேதப்புத்தகத்தை மூடினாள். திரும்பத் திறந்தாள். அதே இடம்தான்.

ஆண்டவரே, இன்றைக்குப் பார்த்தா இது வரவேண்டும்?

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மறுநாள் காலையில் தொடங்கிய வழக்கம். விடிந்ததும் ஓர் அதிகாரம். வரிசை மாறக் கூடாது. முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் தேதி. மாமியாரை அடக்கம் பண்ணிய அன்றுகூட வாசித்து முடித்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்கள். கடைசிப் பக்கம் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

இந்த அதிகாரத்தின் ஓரத்தில் எட்டுத் தேதிகள் இருந்தன. எட்டு முறை கேட்டிருக்கிறாள்.

கதை தெரியாததா என்ன? தாவீது ராஜாவின் பச்சைப்பிள்ளை நோயில் விழும். ராஜா சோறு தொடமாட்டான். தரையிலேயே கிடப்பான். ஏழாம் நாள் பிள்ளை செத்துப்போகும். அதைச் சொல்லப் பயந்து வேலைக்காரர்கள் குசுகுசுப்பார்கள். அந்தக் குசுகுசுப்பிலேயே ராஜாவுக்குப் புரிந்துவிடும். எழுந்திருப்பான். குளிப்பான். துணி மாற்றுவான். சாப்பாடு கொண்டுவரச் சொல்வான். இனி அழுது என்ன ஆகப்போகிறது என்பான்.

அவளுடைய பேரப்பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒன்றே கால் கிலோ. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. பெற்றவளைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை.

பிறந்த அன்றே அவள் உபவாசம் தொடங்கிவிட்டாள். பொழுது சாய்ந்தால் ஒரு டம்ளர் கஞ்சி. பாய்கூட இல்லாமல் தரையில் படுக்கை. ராஜாவைப் பார்த்துச் செய்ததில்லை. தானாகச் செய்தது.

விரலை மடக்கி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

இன்றைக்கு ஏழாம் நாள்.

"என்ன புஷ்பம், இன்னும் எடுக்கலையா?"

எதிரே நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார் அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம். முப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். வேதத்தில் எங்கே தொட்டாலும் மனப்பாடம். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, புத்தகத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தப் பத்து நாளும் வாசிப்பு அவளுடையது.

வேண்டாம் என்று அவரிடம் சொல்லலாம்தான். எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த வசனத்தைக் கர்த்தர் சொன்னதாக நம்புகிற ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வேதத்தை ஜோசியப் புஸ்தகமாக்காதீங்க என்று சபைக்கு நடுவில் எழுந்து சொன்ன மனுஷன்.

அவளுக்கும் அது தெரியும். வாயால் சொல்லிவிட்டால் நடந்துவிடுமா? நடக்காது. ஆனாலும் பயமாக இருந்தது. உள்ளங்கை வேர்த்து, தாள் விரலில் ஒட்டியது.

வாசிக்கத் தொடங்கினாள்.

தீர்க்கதரிசி ராஜாவிடம் வந்ததை வாசித்தாள். ஆட்டுக்குட்டிக் கதையை வாசித்தாள். ராஜா பாவத்தை ஒத்துக்கொண்டதை, மன்னிப்புக் கிடைத்ததை வாசித்தாள்.

அடுத்த வரியில் பிள்ளை இருந்தது.

மூச்சு விட்டாள். கண்ணைக் கீழே இறக்கினாள். பத்து வசனம் தாண்டி, வேறொரு பிள்ளை பிறந்து சாலொமோன் என்று பெயர் வைக்கிற இடத்துக்குப் போய்விட்டாள். குரல் தடுக்காமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

முடித்தாள்.

அவர் உடனே ஆமென் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

பிறகு சொன்னார். "ஆமென்."

கண்டுபிடிக்கவில்லை. தப்பித்தேன் ஆண்டவரே! பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒன்பதாவது தேதியை எழுதினாள். பொய்க் கையெழுத்துப் போட்டது மாதிரி இருந்தது. இருக்கட்டும். பிள்ளை பிழைத்து வரட்டும், நூறு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

போன் அடித்தது.

மகன் ஜெபசிங் தினமும் எட்டு மணிக்குத்தான் கூப்பிடுவான். மணி ஏழுகூட ஆகவில்லை.

அவள் எழுவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். "சொல்லுய்யா" என்றார். சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு இறங்கினார். முருங்கை மரத்தடிக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரல் அது. இப்போது ரகசியம் பேசுவது போலத் தணிந்திருந்தது.

அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். அவளுடைய தலையில் கை வைத்தார்.

"பட்டினி கிடந்தது போதும்ளா. எந்திரி. குளிச்சு, சேலையை மாத்திட்டு வா. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

எழுந்தாள். கொடியிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்தாள். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியில் விழுந்தது.

அதையும் தாண்டி அவர் குரல் வந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு, புத்தகம் இல்லாமல், அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் விட்ட இடத்திலிருந்து, ஒவ்வொரு வசனமாக.

அவள் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள்.