முட்புதருக்குப் பின்னால்

"பிடுங்கி எறிவம் அக்கா. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

ஜெஸ்ரின் சொன்ன விதம் தவமலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் காட்டிய இடத்தைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முட்புதருக்குப் பின்னால், பாதையில் போகிறவர் கண்ணில் படாதபடி, பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கூடாரம். வாசலில் ஒரு காஸ் அடுப்பு. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பை.

தெற்கு லண்டனின் அந்தக் காட்டைக் கவனிப்பது ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களின் வேலை. காட்டை ஒட்டிய வெளியில் ஊதாப் பூப் பூக்கும் ஹெதர் செடிகள். பேர்ச் மரக்கன்றுகள் பெருகி அவற்றை மூடிவிடாமல் வாரா வாரம் பிடுங்குவார்கள். பக்கத்து ஊரான சட்டனில் மருந்துக்கடை வைத்திருக்கும் தவமலர்தான் குழுவுக்குப் பொறுப்பு. மற்றவர்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். இங்கே அவள், ஜெஸ்ரின், நரசிம்மன் மூவரும்தான்.

தவமலர் குனிந்து கூடார வாசலின் ஜிப்பைத் திறக்கக் கை வைத்தாள்.

"வேண்டாங்க," என்றார் நரசிம்மன். திருச்சிக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "ஆள் இல்லாதப்ப அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்கக் கூடாது."

"வீடோ? இது வீடோ ஐயா?" ஜெஸ்ரின் சிரித்தான். நல்ல சிரிப்பாக இல்லை.

"யாரோ பாவம், போக்கிடம் இல்லாம இருக்காங்க. ஒரு செடியைக்கூட மிதிக்காம வெறும் தரையாப் பாத்து அடிச்சிருக்காங்க பாருங்க. ஆள் வரட்டும். பேசிப் பாப்போம். கவுன்சில்ல சொன்னா ஏதாவது வழி பண்ணுவாங்க."

"எப்ப வருவான் எண்டு தெரியுமோ?"

"வர்றப்ப வரட்டும் தம்பி. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு வீட்ல என்ன வேலை?"

சொன்னதோடு நிற்காமல், சரிந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தும் விட்டார்.

ஜெஸ்ரினின் முகம் இறுகியது. அவன் தவமலர் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அந்த அடுப்பைப் பாருங்கோ. ஒரு மாசமா மழை இல்லை. எல்லாம் காய்ஞ்சு சருகாக் கிடக்கு. ஒரு பொறி விழுந்தாக் காணும். காடு எரிஞ்சா ஆர் பதில் சொல்லுறது? ஐயாவோ? நீங்கள்தான் சொல்லவேணும்."

அது தவமலரைத் தைத்தது. போன கோடையில் வேறொரு வெளி எரிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கரிக்கட்டையான செடிகளுக்கு நடுவே நடந்த அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

"கொஞ்சம் பொறும் ஜெஸ்ரின். நாளைக்குக் கவுன்சில் ஆக்கள் வருவினம். அவையிட்டைச் சொல்லுவம்."

"அவை வந்தா எல்லாத்தையும் வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போவினம். இண்டைக்கே கழட்டினா அலுவல் முடிஞ்சுது."

"நீர் ஏன் இப்பிடித் துடிக்கிறீர்?"

"எனக்கென்ன? காட்டுக்காகத்தான் சொல்லுறன்."

தவமலர் தயங்கினாள். நரசிம்மனின் முகத்தைப் பார்க்காமல், "சரி, கழட்டுவம். சாமானை மட்டும் பத்திரமா..." என்று தொடங்கினாள்.

அவள் சொல்லி முடிக்குமுன் ஜெஸ்ரின் முழங்காலிட்டுவிட்டான். சாமான் சிதறாமல் எடுத்துவைக்கப் போன நரசிம்மனின் கையை விலக்கினான்.

"ஒருத்தரும் தொடவேண்டாம். நான் பாக்கிறன்."

தரையில் அடித்திருந்த முளைகளை ஒவ்வொன்றாக இழுத்தான். துணி காற்றுப்போன பலூன்போல அடங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பாராமல், இருந்த பொருட்களோடு சேர்த்து அப்படியே சுருட்டினான்.

தவமலருக்குத் தாங்கவில்லை.

"நீயும் ஒரு நாள் ஒரு பையோடை இந்த நாட்டிலை வந்து இறங்கினனீதானே? அதுக்கிடையிலை மறந்துபோச்சோ? கல் நெஞ்சடா உனக்கு!"

ஜெஸ்ரின் நிமிரவில்லை. எல்லாவற்றையும் பெரிய கறுப்புப் பைக்குள் திணித்துத் தோளில் போட்டான்.

"போற வழியிலை குப்பையிலை போட்டுவிடுறன்," என்றுவிட்டு நடந்தான்.

நரசிம்மன் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாயங்காலம் ஒருத்தன் களைச்சுப்போய் வருவான். வந்து பாத்தா எதுவும் இருக்காது," என்றார்.

அதன் பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை. தவமலர் கத்தரிகளையும் மண்வெட்டிகளையும் சேர்த்து வைத்துப் பூட்டினாள். நரசிம்மன் சொல்லிக்கொள்ளாமலே காரை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

கடைசியாகக் காரில் கிளம்பிய தவமலர் காட்டின் வாசலைத் தாண்டியதும் பிரேக் போட்டாள்.

பஸ் நிற்கும் இடத்தில் ஜெஸ்ரின் இருந்தான். மடியில் அந்தக் கறுப்புப் பை. குரோய்டனுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

தவமலர் கண்ணாடியை இறக்கினாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"அதை எறியேல்லையோ? வித்துக் காசாக்கப் போறீரோ?"

அவன் காட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நரசிம்மன் ஐயா போயிட்டாரோ அக்கா?"

"ஓம், போயிட்டார். பஸ்ஸையும் விட்டிட்டு இதிலை என்ன செய்யிறீர்?"

ஜெஸ்ரின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும் எண்டு நிக்கிறன் அக்கா. அதுக்குப் பிறகுதானே நான் என்ரை வீட்டைத் திருப்பிக் கட்டலாம்."